எவருடைய உடல்?

கலை உள்ளத்தின் வெளிப்பாடு என்று கூறிக்கூறிப் பழகிவிட்டோம். மாணவர்க்கு அவ்வாறே கற்பிக்கின்றோம். பரீட்சைத் தாள்களிலும் அவ்விடையையே எதிர்பார்க்கின்றோம். ஆனால் உள்ளம் தனியே நின்று பாடியதையோ ஆடியதையோ எவரும் கண்டதில்லை. பாடுவது தொண்டை, ஆடுவது கால், எழுதுவது கை. உழுபவரின் உடலின்றி நெல் விளையாதவாறே, கலைஞரின் உடலின்றிக் கலையும் விளைவதில்லை. ஆண் கலைஞரைப் பொறுத்தவரை இவ்வெளிய உண்மையை எவரும் மறுப்பதில்லை. பெண்ணொருத்தி தன் உடலையே கருவியாகவும் கருப்பொருளாகவும் கொண்டு, 'பெண்ணாய் இருத்தல் என்பது யாது?' என வினவத் தொடங்கும்போதுதான் ஒழுக்கம் பற்றிய கேள்வி எழுகின்றது. அக்கேள்வியை எழுப்புவோர் எவர், எவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எழுப்புகின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை நாம் நூல்களிலிருந்து தேர்ந்துகொள்ளவில்லை. எமது வகுப்பறைச் சுவரிலிருந்தே அது எம்மிடம் வந்தது. வந்தாறுமூலையில் வாழும் நாம், வாவிக்கரையை அண்டிய பாடசாலையொன்றில் தமிழும், நாடகமும் அரங்கியலும் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவியர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். பொதி சுற்றும் மண்ணிறக் கடதாசியை நிலத்தில் விரித்து ஒருத்தி படுத்துக்கொள்வாள். தோழியொருத்தி அவளைச் சுற்றிக் கோடு வரைவாள். பின்னர் அக்கோட்டின் உள்ளே, தன் உடல் அறிந்தவற்றை அவள் நிறத்தாலும் சொல்லாலும் நிரப்புவாள். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2002-ஆம் ஆண்டளவில் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்த பெண்கள் சிலர் தம் நோயையும் நம்பிக்கையையும் இவ்வாறு தீட்டினர். பின்னர் பல நாடுகளில் ஆசிரியர்களும் பெண்கள் அமைப்புகளும் அம்முறையைக் கைக்கொண்டனர்.

எமது மாணவி ஒருத்தியின் தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்துவந்தார். வீட்டுச் சமையலும் தம்பியரைப் பார்த்தலும் அவள் பொறுப்பு. அவள் தன் உருவத்தின் இடுப்பிலே தண்ணீர்க் குடத்தின் வடுவை வரைந்தாள். கையிலே அடுப்புச் சுட்ட இடத்தைக் கறுப்பால் தீட்டினாள். காதருகே 'அம்மா, வெள்ளிக்கிழமை' என்று எழுதினாள். அடிவயிற்றில் சிவப்பைப் பூசினாள். ஓரத்திலே ஒரு குறிப்பும் இருந்தது: 'முதுகு. இதை நான் கண்டதில்லை. மற்றவர்கள்தான் கண்டிருக்கிறார்கள்.' இருபதாண்டு இலக்கியம் கற்ற நாம் அவ்வரியின் முன் சற்று நேரம் பேசாது நின்றோம்.

படங்களைச் சுவரில் மாட்டினோம். இரண்டு நாள்களுள் முணுமுணுப்பு எழுந்தது. 'பெண்பிள்ளையின் உடம்பைச் சுவரில் தொங்கவிடுவதா?' என்றனர் சிலர். பெற்றோர் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. கழற்றும்படி எவரும் எழுத்தில் கட்டளையிடவில்லை. கழற்றுவதே புத்தி என்று நாமே முடிவு செய்தோம். எமது கையாலேயே கழற்றிச் சுருட்டினோம். அப்போது அம்மாணவி கேட்டாள்: "ரீச்சர், விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கிற படம் சுவரில இருக்கலாம். என்ட படம் ஏன் இருக்கக்கூடாது?"

அன்று அவளுக்கு நாம் விடை கூறவில்லை. இன்றுவரை அவ்வினா எம்மை விட்டு அகலவும் இல்லை.

அவ்விரு படங்களுக்கும் வேற்றுமை யாது? விஞ்ஞான நூலிலுள்ள உருவத்துக்குப் பெயரில்லை, ஊரில்லை, தாயில்லை. அது எவரையும் நோக்கிப் பேசுவதில்லை. அதனை நோக்கியே பிறர் பேசுவர். அம்மாணவியின் படமோ தன்னைத் தானே விளக்கியது. மெக்சிக்கோ நாட்டின் பொதுவுடைமையாளரான ஓவியர் ஃபிரீடா காலோ, 1925-இல் பேருந்து விபத்திலே முதுகெலும்பு நொறுங்கியவர். 1932-இல் அமெரிக்க நகரான டெட்ரோயிற்றிலே கருச்சிதைவுற்று மருத்துவமனையில் கிடந்த தம் உடலையே ஓவியமாகத் தீட்டினார். அதே கருப்பையையும் இடுப்பெலும்பையும் மருத்துவ நூல்களும் வரைந்துள்ளன. மருத்துவ நூலைக் கண்டு எவரும் அதிர்ச்சியடையவில்லை. நோயாளியே தூரிகையை எடுத்தபோது உலகம் திடுக்குற்றது.

ஆகவே, நமது சமூகம் பெண்ணுடலைக் கண்டு நாணுகின்றது என்று கூறுவது பொருந்தாது. சேலை விற்பதற்கும் சவர்க்காரம் விற்பதற்கும் சீமெந்து விற்பதற்கும் பெண்ணுடல் நகரச் சந்திகளில் இருபதடி உயரத்தில் நிற்கின்றது. அதன் கீழே முச்சக்கரவண்டிகள் நிற்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் நடக்கின்றனர். எவரும் பெற்றோர் கூட்டம் கூட்டுவதில்லை. காட்டப்படும் உடல் இச்சமூகத்துக்குத் தொல்லையன்று. பேசும் உடலே தொல்லை.

இதனை மேலும் விளங்கிக்கொள்ள நமது மண்ணின் கூத்தை நோக்குவோம். மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் உழைக்கும் மக்களின் பெருஞ்செல்வங்கள். பகலெல்லாம் வயலிலே நின்ற கால்கள் இரவிலே வட்டக்களரியிற் சதங்கை கட்டி விடியும்வரை ஆடின. ஆயின் அக்களரியில் திரௌபதியாகவும் சுபத்திரையாகவும் ஆடியோர் ஆண்களே. பெண்ணின் நடையையும் நாணத்தையும் ஒப்பாரியையும் ஆணுடல் பெரும் உழைப்பால் கற்றுக்கொண்டது. அண்ணாவிமாரின் அக்கலைத்திறனைக் குறைத்துக் கூறுவது எமது கருத்தன்று. ஆனால் அங்கு நாம் கண்டது பெண்ணைப் பற்றி ஆண் அறிந்ததையே. பெண் தன்னைப் பற்றி அறிந்தது களரியைச் சுற்றிப் பாயில் அமர்ந்து, மடியிலே பிள்ளையை உறங்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

1960-களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றியபோது, படித்தோர் இகழ்ந்து ஒதுக்கிய கூத்து மதிப்புப் பெற்றது. சாதியாலும் கல்வியாலும் தாழ்த்தப்பட்ட ஒரு கலைக்கு அது கிடைத்த நீதி. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கலைஞரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி, கூத்துக்குள்ளே பெண்ணும் ஒடுக்கப்பட்டோரும் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளனர் என்ற வினாவையும் எழுப்பியது. இன்று வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் மாணவியர் கூத்தாடுவது புதுமையன்று. சிறுவயது முதல் 'மெல்ல நட, குனிந்து நட, சத்தமிடாது நட' எனப் பயிற்றப்பட்ட கால் வடமோடியின் வலிய அடியை நிலத்தில் மிதிக்கும்போது, ஆடுபவள் ஓர் ஆட்டத்தை மட்டும் கற்கவில்லை. தன் கால் எவ்வளவு கனத்தது, தன் மூச்சு எவ்வளவு நீண்டது என்பதை முதன்முறையாக அளந்தறிகின்றாள். இவ்வறிவை நூலொன்றும் அவளுக்குத் தரமுடியாது.

மரபைக் காட்டி இதனைத் தடுப்போர் மரபை நன்கு படித்தவரல்லர் என்பதையும் கூறவேண்டும். மட்டக்களப்பு நாடு கண்ணகி வழிபாட்டின் நாடு. வைகாசியிலே கதவு திறக்கப்பட்டு, கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்பட்டு, குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். அக்கண்ணகி செய்தது யாது? பாண்டியன் அவையிலே சிலம்பை உடைத்து வழக்கை வென்றாள். ஆயின் வழக்கை வென்ற பின்னும் அவள் சினம் தணியவில்லை. அரசன் தவறு செய்தான் என்பதைச் சிலம்பு நிறுவியது. அத்தவற்றைத் தாங்கி நின்ற நகரத்துக்குக் கூறவேண்டியதைச் சிலம்பினாற் கூற முடியவில்லை. ஆகவே தன் இடமுலையைத் திருகி எறிந்தாள். மதுரை எரிந்தது என்கிறது காப்பியம். தன் உடலையே இறுதி வாக்குமூலமாக்கிய பெண்ணைத் தெய்வமாகத் தொழும் மக்கள், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கடதாசியில் வரைந்த கோட்டைக் கண்டு அஞ்சுவது விந்தையன்றோ? கோயிலினுள்ளே இருக்கும் வரை அவள் தெய்வம். வகுப்பறைக்கு வந்தால் வெட்கக்கேடு! குளிர்த்தியின் பொருளை மறுப்பது எம் எண்ணமன்று. சினந்தவளைத் தணிவிக்கத் தண்ணீரோடு செல்லும் மக்கள், அவளைச் சினக்கச் செய்தது எது என்ற கேள்வியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

நமது காலத்துத் தமிழ்க் கலையுலகிற்கு வருவோம். 1928-இல் மகாராட்டிரத்திற் பிறந்து சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பாபிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா 1952-இல் அரங்கேறினார். இராயலசீமை வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. யமுனையின் நீர்ப்பெருக்கையும் நீர் விளையாட்டையும் அவர் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளில் கண்ட வெடித்த நிலங்களின் காட்சி மனத்தில் எழ, ஆட்டம் ஒருகணம் உறைந்தது எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். கலை காட்டும் தண்ணீருக்கும் மக்கள் காணாத தண்ணீருக்கும் இடையே உள்ள பிளவை அவருக்கு உணர்த்தியது ஏதோவொரு தத்துவ நூலன்று. ஆடிக்கொண்டிருந்த அவருடைய உடலே.

பின்னர் பல ஆண்டுகள் மேடையிலிருந்து விலகிப் பெண்கள் இயக்கத்திலும் சுவரொட்டி வரைவதிலும் ஈடுபட்ட அவர், 1985-இல் 'அங்கிகா'வோடு மீண்டார். பரதத்துடன் களரிப்பயிற்றும் யோகமும் சேர்ந்தன. நகையும் பட்டும் தெய்வக் கதைகளும் காதலனுக்காகக் காத்திருக்கும் நாயகியும் விலகினர். 'ஸ்ரீ' என்ற படைப்பிலே முதுகெலும்பு வளைந்த பெண்கள் மேடையில் ஊர்ந்து நடந்தனர். நாற்று நடுபவளின் முதுகும் வீடு பெருக்குபவளின் முதுகும் பணிந்து பணிந்தே பழகிய முதுகும் அங்கே ஒன்றாயின. 2001-இல் வந்த 'சரீர' மிக மெதுவாக அசையும் ஒரு பெண்ணுடலையும் ஓர் ஆணுடலையும் பார்வையாளர் முன் வைத்தது. 2006-இல் அவர் மறையும்வரை அவரைக் கண்டித்தோரும் குறையவில்லை. பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தம் உடலிற் காத்துவந்த தேவதாசிப் பெண்களை ஒதுக்கிவிட்டு, அக்கலையைத் 'தூய்மை' செய்து மேடையேற்றிய ஒரு சமூகம், அதே உடலை மீண்டும் நினைவூட்டியவரை எளிதில் மன்னிக்குமா?

எழுத்திலும் இதுவே நிகழ்ந்தது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய சித்திரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்' 1986-இல் வெளிவந்தபோது, ஈழத்துப் பெண்களின் கவிதை தனித்த குரலாகக் கேட்டது. தமிழகத்திலே குட்டி ரேவதி தம் கவிதை நூலுக்கு 'முலைகள்' எனப் பெயரிட்டு 2002-இல் வெளியிட்டபோது எழுந்த கண்டனத்தை நாம் அறிவோம். ஆண் புலவர் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிய சொல் அது. சொல் மாறவில்லை, சொல்பவர் மாறினார்.

இனி, முற்போக்கு எண்ணம் கொண்ட நண்பர் சிலர் எழுப்பும் மறுப்புக்கு விடையளிக்க வேண்டும். 'வயிற்றுக்குச் சோறில்லாதவள் உடலை ஆராய்வாளா? இது நடுத்தர வர்க்கத்தாரின் தனிமனித நோய். வர்க்கப் போராட்டத்திலிருந்து கவனத்தைத் திருப்புவது' என்பர். இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளவில்லை. மேல்நாட்டுக் கலைக்கூடங்களிலே உடற்கலை என்ற பெயரில் நடப்பவற்றுட் சில வெறும் தன்வியப்பே என்பதும் உண்மை. ஆனால் சோற்றை உண்பதும் உடல்தானே? உழைப்பாளி சந்தையில் விற்பது தன் உழைப்புச் சக்தியை. அதனைத் தன் உடலிலிருந்து பிரித்துத் தனியே அனுப்ப அவரால் முடியாது. எமது மாணவியின் தாய் தன் கைகளை மட்டும் குவைத்துக்கு அனுப்பவில்லை. முழு உடலும் சென்றது. வீட்டிலே எஞ்சியது வெள்ளிக்கிழமைக் குரல் மட்டுமே. வர்க்கம் என்பது நூலில் உள்ள சொல்லாக அப்பிள்ளைக்கு அறிமுகமாகவில்லை. காதிலும் கையிலும் அவள் வரைந்த வடுக்களே அவள் அறிந்த வர்க்கம்.

வந்தாறுமூலையில் இருந்துகொண்டு உடலைச் சிறு பொருள் என்று எவ்வாறு கூறுவது? 1990-ஆம் ஆண்டிலே போருக்கு அஞ்சிய மக்கள் இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5-ஆந் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அவர்தம் தாய்மாரும் மனைவியரும் ஆண்டுதோறும் நினைவுகூர்வது ஒரு கருத்தையன்று. திரும்பி வராத உடல்களை. புதைப்பதற்கும் எரிப்பதற்கும் கூட உடல் கிடைக்காத பெண்ணொருத்தி, கணவனின் நிழற்படத்தை மார்போடு அணைத்துத் தெருவில் நிற்கும்போது, இல்லாத உடலுக்குத் தன் உடலையே சாட்சியாக்குகின்றாள். அது கலையா, அரசியலா என்று பிரித்தறிய முயல்வது வீண்வேலை.

இதற்கு மணிப்புரியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' என்ற கதையை அங்குள்ள நாடக நெறியாளர் கன்னையாலால் 2000-ஆம் ஆண்டில் நாடகமாக்கினார். படையினராற் சிதைக்கப்பட்ட பெண்ணாக நடித்த அவர் மனைவி சாவித்திரி, ஐம்பது வயதைக் கடந்தவர், இறுதிக் காட்சியில் ஆடை களைந்து அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்றார். கடுங்கண்டனம் எழுந்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. 2004 ஜூலையில் மனோரமா என்ற இளம்பெண், படையினர் கைதுசெய்து கொண்டுசென்றபின் பிணமாகக் கிடந்தார். ஜூலை 15 அன்று பன்னிரண்டு தாய்மார் இம்பாலிலுள்ள காங்லாக் கோட்டை வாயிலிலே, அசாம் ரைபிள்ஸ் படைத்தளத்தின் முன், ஆடை களைந்து நின்று நீதி கேட்டனர். நாடகத்தைக் கண்டு அவர்கள் அவ்வாறு செய்தனர் என்று நாம் கூறவில்லை. வெட்கத்தை எவர்மீது சுமத்தியிருந்தனரோ அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தார் என்பதே மேடையிலும் தெருவிலும் நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலே கோட்டையை விட்டுப் படை வெளியேறியது.

எனினும், பெண் தன் உடலைக் கலையாக்கும் செயல் யாவும் விடுதலையே என்று கூறிவிடுவதும் சோம்பேறித்தனமான முடிவாகும். இங்கே மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து. பேசுபவர் எவர்? இடரை ஏற்பவர் எவர்? பயனைப் பெறுபவர் எவர்? விளம்பரத்திலே பேசுவது வணிக நிறுவனம். பயன் பெறுவதும் அதுவே. உடலும் அவப்பெயரும் மட்டும் பெண்ணுடையவை. காங்லா வாயிலிலே பேசியோரும் இடரை ஏற்றோரும் அத்தாய்மாரே. பயன் மக்கள் எல்லார்க்கும் உரியது. இடையிலே நிற்பவை கடினமானவை. நெறியாளர் ஒருவர் மற்றொருவரின் உடலாற் பேசும்போது முதல் வினா மேலும் கூர்மையடைகின்றது. சந்திரலேகாவையும் கன்னையாலாலையும் கூட அதிலிருந்து நாம் விலக்க இயலாது. கைபேசியில் ஒருமுறை ஏறிய படம் உரியவளின் கையை விட்டு என்றைக்குமாக அகலக்கூடிய இக்காலத்தில் இரண்டாம் வினாவும் கனத்துவிட்டது. 'தன் உடல்' என்ற தொடரில் அழுத்தம் பெறவேண்டிய சொல் 'தன்' என்பதே. விடுதலையின் பெயராலும் எவரும் பிறருடைய உடலைக் கேட்டு வாங்க உரிமையற்றவர்.

இவ்வளவுகோலை எழுதி முடித்தபின், நேர்மை அதனை முதலில் எம்மீதே வைக்கச் சொல்கின்றது. அப்பயிற்சியை இட்டவர் நாம், படத்தைச் சுவரில் மாட்டியவர் நாம், கழற்றியவரும் நாம். கழற்றியதே தவறு என்று இத்தனை ஆண்டு எண்ணியிருந்தோம். மாட்டுவதற்கு முன் 'இதனைப் பிறர் காணலாமா?' என்று அவளைக் கேட்டோமா? கேட்கவில்லை. படத்திற் பேசியவள் அவள்; முணுமுணுப்பைத் தாங்கியவள் அவள்; 'புதுமையாகக் கற்பிப்பவர்' என்ற நற்பெயர் மட்டும் எமக்கு. அவளுடைய முதுகை அவளுக்கு முன்னரே பார்த்த 'மற்றவர்'களுள் நாமும் ஒருவராயினோம். பெண்ணாகப் பிறந்து, பெண்ணுரிமை பேசி, பெண்பிள்ளையின் உடலைப் பற்றி அவளைக் கேளாமலே இரண்டு முறை முடிவு செய்தோம்.

அம்மாணவி பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டாள். கடதாசிச் சுருள் இன்னமும் எமது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றது. அதனை மீண்டும் சுவரில் மாட்டினால் எமது கோழைத்தனத்துக்குக் கழுவாய் தேடியவராவோம். அவளுக்கு நீதி செய்தவராகமாட்டோம். அவள் வீட்டுக்கு அதனைக் கொண்டுசென்று அவள் கையிற் கொடுப்பதே எஞ்சியுள்ள கடமை. அவள் அதனை மாட்டலாம், மடித்து வைக்கலாம், அடுப்பிலும் இடலாம். அன்றைய கேள்விக்கு விடையையும் உடன் கூறவேண்டும்: 'உன் படம் சுவரில் இருக்கலாம், பிள்ளை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நாங்களல்ல, நீ.'

ஆசிரியத் தோழர்களே, உங்கள் அலுமாரிகளிலும் இத்தகைய சுருள்கள் இருக்கக்கூடும். ஒருமுறை திறந்து பாருங்கள்.